சூட்டு உடம்பு

அந்த மத்தியானம் ஃபேக்டரி கேன்டீனில் உட்கார்ந்திருந்த பெண்களில் சிவப்பு வரவே கூடாத ஒருத்தி உண்டென்றால் அது திலகவதிதான். சூப்பர்வைசர் திட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள். பக்கத்துப் பெண் அவளுடைய ஸ்டூலை இழுத்துக்கொண்டால் நின்றுகொண்டே வேலை செய்வாள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது என்று லைன் முழுக்கப் பேர் வாங்கியவள். அவளுக்குத்தான் சிவப்பு வந்தது.

மலாக்கா டவுனுக்கு வெளியே இருந்த எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி அது. தொண்ணூற்றாறாம் வருடம். லைன் லீடர் வேலைக்குச் சில பேரைப் பொறுக்கியெடுத்து, அவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று சோதித்துச் சொல்லக் கோலாலம்பூரிலிருந்து தங்கராஜு என்ற டிரெய்னரை வரவழைத்திருந்தார்கள். தமிழர்தான், ஆனால் தமிழ் பேசினால் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கும். மலாயில் அச்சடித்த தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆம் அல்லது இல்லை போடச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் ஒரு நிறம் வருமாம். சிவப்பு வேகக்காரர், மஞ்சள் கலகலப்பானவர், நீலம் கணக்குப் பார்க்கிறவர், பச்சை பொறுமைசாலி. மனிதர்களை நான்கு டின்னில் போட்டு மூடிவிட அரை நாள் போதும் என்று நம்புகிறவரிடம் யார் வாய் கொடுப்பது?

"அலாமா! திலகா காராங்!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தாள் பக்கத்தில் இருந்த ரோஸ்னா. காராங் என்றால் சீறி விழுகிற முரட்டுக் குணம். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆட்டுக்குட்டிக்குப் புலி வேஷம் கட்டின மாதிரி இருந்தது அவர்களுக்கு. திலகவதியும் சிரிக்கத்தான் பார்த்தாள். அதற்குள் தாளின் கீழே இருந்த வரிகள் கண்ணில் பட்டுவிட்டன. சிவப்புக்காரருக்குத் தலைமை தாங்கும் திறமை உண்டு. ஆனால் கோபம் மூண்டால் தன்னைவிடப் பலவீனமானவர்களைக் காயப்படுத்திவிடக்கூடும்.

காயம் என்பதற்கு 'லூக்கா' என்ற மலாய்ச் சொல் போட்டிருந்தது. மனம் புண்படும் என்றுதான் தங்கராஜு நினைத்து எழுதியிருப்பார். திலகவதிக்குத் தெரிந்த லூக்கா வேறு. தோல் உரிந்து, நீர் கோர்த்து, மருந்து போட்டாலும் எரிகிற காயம். அவளைவிடப் பலவீனமாக இந்த உலகத்தில் ஒரே ஓர் உயிர்தான் இருந்தது. அவளுடைய மகள் தேவிஸ்ரீ. நான்கு வயது.

ஃபேக்டரி பஸ் அலோர் காஜாவுக்குப் போய்ச் சேரும்வரை அவள் குனிந்து தன் வலது கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே ஒரு தழும்பு இருந்தது. வட்டமாக, நடுவில் வழவழவென்று, ஒரு பக்கம் வால் நீண்டு இருக்கும். யாராவது கேட்டால், "மோட்டர் சைக்கிள் எக்சோஸ் பட்டிருச்சு" என்பாள். நம் ஊரில் காலில் எக்சோஸ் தழும்பு இல்லாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. கட்டிக்கொண்ட புருஷன் நல்லமுத்துகூடக் கேட்டதில்லை.

அது எக்சோஸ் இல்லை. தாளிப்புக் கரண்டி. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது, கோழிக்கூண்டைத் திறந்துவிட்டு விளையாடியதற்காக அம்மா கருப்பாயி போட்ட சூடு. அன்றைக்கு என்ன நடந்தது என்பதில் திலகவதிக்கு ஞாபகம் இருந்தது சுட்டதும் தான் அலறியதும்தான். மற்றதையெல்லாம் அவளே இட்டு நிரப்பி வைத்திருந்தாள். கண் சிவந்த அம்மா, பல்லைக் கடித்த அம்மா, ஆத்திரம் தலைக்கேறிக் கையில் கிடைத்ததை எடுத்த அம்மா. கருப்பாயி செத்து வருடங்கள் ஆகிவிட்டன. எஸ்டேட்டையும் விற்று வீட்டுமனை போட்டாயிற்று. ஆனாலும் தேவிஸ்ரீ பிறந்தபோது, பிள்ளையைக் கையில் வாங்கிய நேரத்தில், இந்த அம்மா எனக்குள்ளே எங்கேயாவது உட்கார்ந்திருக்குமோ என்ற பயம் ஒரு தடவை வந்து போனது. தன்னால் முடிந்த மட்டும் அதை அமுக்கி வைத்திருந்தாள். இப்போது முத்திரை குத்தித் தாளில் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தாளிப்புக் கரண்டியை ஆணியிலிருந்து எடுத்து, அலமாரி மேலே பழைய பெட்டிக்குப் பின்னால் போட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டுக் குழம்பில் தாளிப்பு இல்லை. பிள்ளைக்குத் தலை வாருவதை நிறுத்தினாள், சிக்கு விழுந்து பிள்ளை சிணுங்கினால் தனக்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயம். சோறு ஊட்டுவதை நிறுத்தினாள். வேலை முடிந்து வந்தாலும், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மீனம்மாவிடமிருந்து கூட்டிக்கொண்டு வராமல், துணி துவைக்க வேண்டும், வீடு கூட்ட வேண்டும் என்று சாக்குச் சொன்னாள். தேவிஸ்ரீ ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் உடம்பு விறைத்துப்போய், கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விடுவாள். திருடன் கையைப் பிடித்து வைத்திருப்பதுபோல் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நல்லமுத்து மணல் லோரி ஓட்டுகிறவன். வீட்டில் நடப்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைக்கும்.

"ஏன் திலகா, பருப்பு சப்புன்னு இருக்கு? தாளிக்கலயா?"

"மறந்துட்டேன்ங்க."

"பிள்ள வேற, அம்மா என்னத் தூக்க மாட்டேங்குதுன்னு சொல்லுது. ஒடம்புக்கு முடியலயா?"

அவள் பெட்டியிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அவன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தான்.

"இதுக்கா? அடப் போ லா! ஒனக்குக் கோவம் வந்து நான் பாத்ததே இல்ல. கல்யாணத்துல எங்க மாமா ஒன் சேலையில காப்பிய ஊத்துனப்பகூட, பரவால்லன்னு சொன்ன ஆளு நீ. ஒரு கலர வச்சிக்கிட்டு இவ்ளோ சுசாவா, இவ்ளோ கவலையா?"

"வரலன்னா உள்ள இல்லன்னு அர்த்தமாங்க?" என்றாள் அவள். அவன் எழுந்து கை கழுவினான். சட்டையை மாட்டிக்கொண்டு லோரிக்குப் போய்விட்டான். பாவம், அவன் என்ன செய்வான்? எக்சோஸ் தழும்பு என்று நம்பிக்கொண்டிருப்பவனிடம் பாதியை மறைத்துவிட்டுப் பதில் கேட்டால் எங்கிருந்து வரும்?

அடுத்த வகுப்புக்குத் தங்கராஜு வந்தபோது, எல்லாரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்தச் செவப்பு... மாறுமா சார்?"

"மாறாதும்மா. இது ஒங்க நேச்சர். ஏன், புடிக்கலயா? லீடருக்கு நல்ல கலர்தான் லா."

"வீட்ல சின்னப் பிள்ள இருக்கு சார்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பைலைப் புரட்டி அவளுடைய தாளை எடுத்தார். "பாருங்க, நீங்களேதானே 'ஆமா' போட்டிருக்கீங்க. 'சாயா செப்பாட் பானாஸ்'."

"ஆமா சார். எனக்குச் சூட்டு ஒடம்பு. சீக்கிரம் சூடு புடிச்சிக்கும். வெள்ளிக்கெழம எண்ண தேச்சிக் குளிக்கலன்னா வாயெல்லாம் புண்ணு."

தங்கராஜு கண்ணாடியைக் கழற்றினார். "'லம்பாட் செஜோக்'?"

"குளிர் சீக்கிரம் ஏறாது சார். எங்க ஹால்ல ஏர்கோன்ல எல்லாம் நடுங்குவாங்க, எனக்கு ஒன்னும் செய்யாது."

"'டாரா செப்பாட் நாயிக்'?"

"பிள்ள பெத்ததுலேர்ந்து பிரஷர் ஏறுது சார். கிளினிக்ல மருந்து குடுத்தாங்க."

மனுஷன் நாற்காலி ஆடும்படி சிரித்தார். சீக்கிரம் கோபப்படுகிறவரா, கோபம் ஆற நாளாகுமா, சட்டென்று ரத்தம் கொதிக்குமா என்று அவர் கேட்டிருந்தார். மலாயில் கோபமும் சூடுதான். வாய்ப் பேச்சில் கேட்டிருந்தால் திலகவதிக்கும் புரிந்திருக்கும். முந்தின வாரம்தான் ஃபேக்டரி கிளினிக்கில் இதேபோல் ஒரு தாளைக் கொடுத்து, தலைவலி உண்டா, இனிப்பு நீர் வியாதி உண்டா என்று கோடு போடச் சொல்லியிருந்தார்கள். இதுவும் அந்த வகை என்று நினைத்து, எண்ணெய்க் குளியல் வரைக்கும் யோசித்து நேர்மையாகப் பதில் எழுதியிருந்தாள்.

"கோவம் சீக்கிரம் வருமா?" என்று மறுபடி கேட்டார்.

"வராது சார்."

"வந்தா ஆற நேரமாகுமா?"

"வந்தாத்தானே சார்."

பென்சிலால் அடித்து, கூட்டி, புதுத் தாள் எழுதிக் கொடுத்தார். "பச்சை. 'சாபார்.' பொறுமைசாலி. எவ்ளோ நேரம் வேணும்னாலும் காத்திருப்பீங்க, சத்தம் போட மாட்டீங்க. பெஸ்ட் டைப் லா, பயப்படாதீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. அந்த வாரமே அவளை லீடராகத் தேர்ந்தெடுத்து, அடுத்த வாரம் சேரச் சொல்லி, நீலக் காலர் வைத்த புது அங்கியும் கொடுத்தார்கள். பச்சைத் தாள் கிடைத்த அன்றைக்கே அலோர் காஜா பஸ் ஸ்டேண்டில் இறங்கி, பிள்ளைக்கு ஒரு சுருள் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். தேவிஸ்ரீயைத் தூக்கிச் சுற்றினாள். தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டாள். தாளிப்புக் கரண்டி மறுபடி ஆணிக்கு வந்தது. அன்றைக்குப் பருப்பில் கடுகு வெடித்த சத்தத்தைக் கேட்டு நல்லமுத்து கதவருகே நின்று கும்பிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா சாந்தி கோலா சுங்கை பாருவிலிருந்து மீனோடு வந்தாள். அங்கே வாழ்க்கைப்பட்டவள், வந்தால் வெறுங்கையோடு வரமாட்டாள். பின்பக்கக் குழாயடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து மீன் அலசினார்கள். திலகவதி சிவப்பிலிருந்து பச்சை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சூட்டு உடம்புக் கதைக்குச் சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நெஜமாவே பயந்துட்டேன்க்கா. அம்மா மாரி கோவக்காரியோன்னு. இப்பதான் நிம்மதி. நான் பொறுமைசாலியாம்."

சாந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருந்த மீனைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள்.

"அம்மாவா கோவக்காரி? யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் கால் இருக்கே."

"ஒனக்கு ஞாபகமில்ல. சின்னப் பிள்ள நீ. லயத்துல எல்லா வீட்லயும் சட்டி பறக்கும், ஊரே கேக்கும். பொழுது சாஞ்சா ஒன்னா உக்காந்து சாப்புடுவாங்க. நம்ம வீட்லதான் சத்தமே இருக்காது. அம்மா ஒரு வார்த்த திட்டுனதில்லடி. வேல வாங்குற மண்டோர் அசிங்கமா பேசுனாலும் தலையக் குனிஞ்சிக்கிட்டு வந்துரும்."

திலகவதி மீனைத் தட்டில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் அப்பிடித்தான். கோழி போச்சுன்னு தெரிஞ்சதும் ஒன்னுமே சொல்லல. கரண்டிய அடுப்புல வச்சிச்சு. இரும்புக் கரண்டி, அது காய எவ்ளோ நேரமாவும்? அவ்ளோ நேரமும் இடுப்புல கைய வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. நான் கதவுகிட்ட நிக்கிறேன். தாளிக்கப் போவுதுன்னு நெனச்சேன். நீயும் அப்பிடி நெனச்சித்தான் மணையில உக்காந்திருந்தே. 'சாப்பிட்டியாம்மா?'ன்னு ஒன்னக் கேட்டிச்சு. நல்லாத்தான் கேட்டிச்சு. நீ சாப்பிட்டேன்னு சொன்னே. கரண்டி செவந்ததும் எடுத்திச்சு." சாந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கோவத்துல அடிக்கிற கையிலேர்ந்து ஓடித் தப்பிச்சிரலாம் திலகா. பொறுமையா நிக்கிற ஆளுகிட்டருந்து எங்க ஓடுறது?"

அன்றைக்குச் சமைத்த மீன் குழம்பு எப்படி இருந்தது என்று திலகவதிக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பீர்கள், சத்தம் போட மாட்டீர்கள் என்று தங்கராஜு சொன்னது காதிலேயே நின்றது. சிவப்பு அவளுடையது இல்லை, சரி. பச்சை யாருடையது? முன்பு கோபத்தைப் பார்த்துப் பயந்தாள், கோபம் வருவது தெரியும், ஒதுங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது பொறுமையைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருந்தது. அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. திட்டு வாங்கித் தலையைக் குனிந்தபோதெல்லாம், பரவாயில்லை என்று சொன்னபோதெல்லாம், உள்ளே எதை அடுப்பில் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்? கரண்டியை மறுபடி ஒளித்து வைக்கலாமா என்று ஆணிவரை போனாள். ஒளித்து வைப்பதும் பொறுமைக்காரி செய்கிற வேலையாகத் தோன்றி, தொடாமல் திரும்பி வந்தாள்.

பயந்தது நடந்தது. ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டுக் குழம்புச் சட்டியை இறக்கி வைத்திருந்தாள். ரசத்துக்குத் தாளிக்க அடுப்பை எரியவிட்டபடியே, திடீரென்று கொட்டிய மழைக்குத் துணி எடுக்க வெளியே ஓடினாள். நனைந்த துணிகளோடு உள்ளே வந்தால், தேவிஸ்ரீ ஸ்டூலைப் போட்டு அடுப்பு மேடை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சமைத்து விளையாடுகிறாளாம். பாசாரில் வாங்கிய முட்டைகள் அத்தனையும் தரையில் உடைந்து கிடந்தன. எண்ணெய்ப் போத்தல் கவிழ்ந்து வழிந்தது. நாளைக்கு முதன்முதலாக லீடராகப் போட்டுக்கொண்டு போக மடித்து வைத்திருந்த நீலக் காலர் அங்கி, பிள்ளையின் உடம்பில் ஸ்டூலுக்குக் கீழே வரை, மஞ்சள் கருவும் எண்ணெயுமாகத் தொங்கியது. அம்மா செய்வதைப் பார்த்து, ஆணியில் கைக்கு எட்டிய தாளிப்புக் கரண்டியைப் பிள்ளை அடுப்பு மேலே வைத்திருந்தது. கரண்டியின் குழி செக்கச் செவேலென்று இருந்தது.

திலகவதி துணியைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூக்கி ஸ்டூலிலிருந்து இறக்கி, தள்ளி நிறுத்தினாள். எல்லாம் நிதானமாகத்தான் செய்தாள். சூட்டு உடம்புக்காரிக்கு உச்சி முதல் பாதம்வரை ஐஸ் தண்ணீர் ஊற்றியதுபோல் குளிர்ந்துபோயிருந்தது. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை. மனம் அவ்வளவு அமைதியாக இருந்தது. அடுப்பை அணைக்கவில்லை. கரண்டியின் காம்பைத் துணி சுற்றிப் பிடித்தாள்.

"சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

குரல் இனிமையாக வந்தது. தேவிஸ்ரீ அங்கிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்து, சந்தோஷமாகச் சொன்னாள்: "சாப்ட்டேன்மா."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் கேள்வி அவள் காதில் விழுந்தது. கேட்டது யார்? கையில் இருந்தது என்ன? பின்கதவு வழியாகக் கரண்டியை வீசினாள். மழையில் நனைந்த சிமெண்டில் விழுந்து அது சுர்ரென்றது. அடுப்பை அணைத்துவிட்டு, பிறந்ததிலிருந்து கத்தாததையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"அறிவிருக்காடி ஒனக்கு? நெருப்புகிட்ட போவியா? எத்தன தடவ சொல்றது? முட்டையெல்லாம் போச்சு! சட்டையெல்லாம் போச்சு! நாளைக்கு என்னத்தப் போட்டுக்கிட்டுப் போவேன்? கொல்றியேடி என்ன!"

தகரக் கூரையில் விழுந்த மழையையும் தாண்டிக் கேட்டது அந்தச் சத்தம். தொண்டை கிழிந்தது. கத்தும்போதே பயமாக இருந்தது, கை எழுந்துவிடுமோ என்று. கைகள் கிடுகிடுவென ஆடின, ஆனால் வெறுங்கைகளாக ஆடின. தேவிஸ்ரீ அரண்டுபோய் வீறிட்டாள். அம்மாவின் இந்த முகத்தை அது பார்த்ததே இல்லை. கத்திக் கத்தி மூச்சு முட்டியபோது, உள்ளே காய்ந்துகொண்டிருந்தது ஒன்று ஆறிப்போனதுபோல் இருந்தது. திலகவதி அப்படியே உடைந்து கிடந்த முட்டைகள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

மீனம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடி வந்தாள். தேவிஸ்ரீ ஓடிப்போய் அவள் பின்னால் ஒளிந்தது.

"யாருடி கத்துனது? எவனாச்சும் வீட்டுக்குள்ள பூந்துட்டானா?"

"நான்தான்க்கா."

"நீயா?" மீனம்மா தரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒன் சத்தத்த நான் கேட்டதே இல்லயே! என்னாடி ஆச்சு ஒனக்கு? ஒடம்புக்கு என்னா?"

திலகவதி இரண்டு கைகளையும் விரித்துப் பிள்ளையை நோக்கி நீட்டினாள். தேவிஸ்ரீ மீனம்மாவின் சேலையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தது, விசும்பியது, பிறகு தயங்கித் தயங்கி வந்து மடியில் ஏறியது.

"சூட்டு ஒடம்புக்கா" என்றாள் திலகவதி. "சீக்கிரம் சூடாயிருவேன். இனிமே அடிக்கடி கத்துவேன். கேட்டுக்குங்க. சத்தமே இல்லன்னாதான் நீங்க ஓடி வரணும்."